இங்க குடுங்க

எங்கள் ஊரில் முதலில் சர்க்கரை வியாதி வந்தவர்கள்தான் நடந்தார்கள். அவர்களைப் பார்த்து, வியாதி வந்துவிடுமோ என்று பயந்தவர்கள் நடந்தார்கள். நடக்கிறவர்களெல்லாம் தோப்பும் காரும் உள்ளவர்களாக இருந்ததால், தோப்பும் காரும் உள்ளவர்களோடு பழகினால் நல்லது என்று நினைத்தவர்களும் பின்னாலேயே நடந்தார்கள். அப்படியே அது காலைநடைச் சங்கம் ஆகி, அதற்கு ஒரு தலைவரும் நீலக் கலரில் ஒரு பனியனும் வந்து சேர்ந்தன. வருடா வருடம் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியலில் சந்தைப்பேட்டையில் கிளம்பி, தென்னந்தோப்புகளையும் காற்றாலைகளையும் தாண்டி, வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்தெழுந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அணைப் பூங்காவின் வளைவுக்குள் நுழைவார்கள். எல்லோரும் சேர்ந்து கிளம்ப வேண்டும், எல்லோரும் சேர்ந்து போய்ச் சேர வேண்டும், தங்குமிடம் வரும் முன் உட்கார்ந்தவரும் பின்னால் வரும் வேனில் ஏறியவரும் நடந்தவர் ஆகமாட்டார். இவ்வளவுதான் சட்டம். சாமிக்கு வேண்டிக்கொண்டு நடக்கிறவர்கள்கூட இவ்வளவு கறாராக இருப்பதில்லை.

சட்டத்தோடு ஒரு வழக்கமும் இருந்தது. நடக்கும்போது யாராவது கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் வருகிறவர், ஏதோ பையை வாங்கிக்கொள்கிறவர் மாதிரி, "இங்க குடுங்க" என்று சொல்ல வேண்டும். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. சொன்னவர் சிரிப்பார், கேட்டவர் சிரிப்பார், வலி இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படிச் சொல்லிச் சொல்லியே தங்களைப்போல ஒருவரையொருவர் தாங்குகிறவர்கள் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று சங்கத்தார் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

தெய்வாத்தாள் சங்கத்தில் இல்லை. அவளுக்கு நடக்க ஏது நேரம். புருஷன் செத்தபிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மாவு மில்லை அவளே ஓட்டினாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றபடியே அரைத்து, தலைமுடியும் புருவமும் வெள்ளையாகி, ஒற்றை மகள் தாரணியை பி.காம். படிக்கவைத்தாள். அந்தத் தாரணியை ஒரு கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு, கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன் கௌதம். கௌதமின் அப்பா ஆடிட்டர் சென்னியப்பன். சென்னியப்பன்தான் சங்கத்தின் தலைவர். குலக் கூட்டம் பொருந்தியது, ஜாதகம் பொருந்தியது, அந்தஸ்துதான் பொருந்தவில்லை. பையனிடம் முடியாது என்று சொல்ல அவன் அம்மா வசந்தாமணிக்கு வாய் வரவில்லை, ஆகட்டும் என்று சொல்ல மனசு வரவில்லை; அதனால் மில்லுக்கே காரில் வந்து இறங்கி, தங்கள் வீட்டில் சம்பந்தம் கலக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது தங்களோடு அணைக்கு நடந்திருக்கிறார்கள் என்றும், சம்பந்தியம்மாவும் நடந்து வந்துவிட்டால் கல்யாண உறுதி வார்த்தையை அங்கேயே, சொந்தபந்தமெல்லாம் இருக்கும்போதே வைத்துக்கொள்ளலாம் என்றும், தன் கையாலேயே ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

வழியில் உட்கார்ந்துவிட்டால் சம்பந்தம் இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மாவுத்தூசியில் தன் மகள் நிற்கக்கூடாது என்பதைத் தவிர தெய்வாத்தாளுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. அதற்காக அவள் அணைக்கு என்ன, அந்தாண்டை மலைக்குக்கூட நடப்பாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஷூ என்பதையே போட்டறியாத தாரணிதான் அம்மாவின் காலைத் தன் மடியில் வைத்து நாடா கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை வெயில் ஏறுகிற நேரத்தில், வாய்க்கால் பாலம் தாண்டினதும், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையரான நாச்சிமுத்து தன் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு, "முட்டி வலிக்குதுங்க" என்றார். பக்கத்தில் தெய்வாத்தாள்தான் வந்துகொண்டிருந்தாள். பெண் வீட்டுக்காரி, முறைப்படி பதில் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஆனால் அது வெறும் வாய்வார்த்தை என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. மில்லில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அவள் சொல்கிற வார்த்தை அது. தலையில் தகர டின்னோடு படியேறி வருகிறவர்களைப் பார்த்ததும் "இங்க குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டி இறக்கி வைப்பாள். அவள் அப்படிச் சொன்னால் பாரம் கை மாறிவிடும், வேறு மாதிரி அவள் சொல்லிப் பழகியதே இல்லை. நாச்சிமுத்துவிடமும் அப்படியே இரண்டு கையையும் நீட்டிச் சொன்னாள். நாச்சிமுத்து ஒரு எட்டு வைத்தார், இன்னொரு எட்டு வைத்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார், பிறகு கல்லூரிக் காலத்தில் நடந்தது போல நடந்தார். தெய்வாத்தாளுக்கு வலது முட்டியில் ஆணி இறங்கினது போல் இருந்தது. அவள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

நாச்சிமுத்து கொஞ்ச தூரம் இதை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல தக்காளி விற்கிற கடையை முதலில் பார்த்தவர், தனக்கு வேண்டியதைப் பொறுக்கிய பிறகுதானே அடுத்தவருக்குச் சொல்வார். அவரும் இடுப்பு, குதிகால், பல நாளாக இருந்த கழுத்துப் பிடிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து முடித்துவிட்டு, அப்புறம்தான் மனைவியின் காதில் ஓதினார். காற்றாலைகள் வருவதற்குள் சங்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இதில் யாரும் ஆச்சரியப்பட்டு நின்றதாகத் தகவல் இல்லை. நின்றால் பின்தங்கிவிடுவோமே. ஒருவர் மட்டும், இது எப்படி ஆகிறது என்று டாக்டர் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றார்; சொல்லிக்கொண்டே தெய்வாத்தாளின் இடது பக்கமாகப் போய்ச் சேர்ந்தார், இடது பாதத்தில் கொப்புளம் என்றார், அதன் பிறகு டாக்டர் பேச்சை எடுக்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் நடக்கத் தள்ளுமுள்ளு வந்தது. வலது பக்கம் ஒருவரும் இடது பக்கம் ஒருவருமாக இருவர்தான் நடக்க முடியும், முன்னாலும் பின்னாலும் வருகிறவர்கள் பக்கத்தில் வருகிறவர்கள் ஆகமாட்டார்கள் என்று நியாயம் பேசினார்கள். முழங்கையால் குத்திக்கொண்டார்கள். சென்னியப்பன் ஆடிட்டர் அல்லவா, ஒழுங்கில்லாமல் எதுவும் நடப்பது அவருக்குப் பிடிக்காது. வயதானவர்கள் முதலில், பிறகு பெண்கள், பிறகு மற்றவர்கள் என்று வரிசை வைத்தார், ஒருவர் ஒரு வலிதான் கொடுக்கலாம், மீண்டும் வேண்டுமென்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்றார். தன் முறை வந்தபோது தலைவர் என்ற முறையில் அவர் இரண்டு கொடுத்தார். கால் வலிதான் செல்லுமா, பல் வலியும் செல்லுமா என்று ஒரு விவாதம் எழுந்து, நடக்கும்போது பல்லும் கூடத்தானே வருகிறது என்று முடிவானது. அதன் பிறகு நெஞ்செரிச்சல் வந்தது, ஒற்றைத் தலைவலி வந்தது, என்றைக்கோ ஆபரேஷன் செய்த இடத்தில் மழைக்காலத்தில் மட்டும் வருகிற வலியை மழையில்லாத அன்றைக்கே நினைவுபடுத்திக் கொடுத்தார் ஒருவர்.

எல்லாவற்றுக்கும் தெய்வாத்தாள் கையை நீட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற எதையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த சம்பந்த முறை. முறை தெரிந்த மனுஷி என்று எல்லோரும் மெச்சினார்கள். சாயந்திரம் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வசந்தாமணியே ஒரு பேஸினில் சுடுதண்ணீரும் கல்லுப்பும் போட்டுக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தாள். அவளுக்கு மட்டும் தனிப் பாய், அவளுக்கு மட்டும் ஃபேனுக்கு நேர் கீழே இடம், இலையில் நெய் இரண்டு தடவை. நல்ல கறவை மாட்டைப் பார்த்துக்கொள்வது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்.

அப்போதுதான் பழனாத்தாள் அவளிடம் வந்து உட்கார்ந்தாள். பழனாத்தாளின் ஒரே பையன் கிணற்றில் விழுந்து செத்ததிலிருந்து, வீட்டில் இருக்கமுடியாமல் வருடா வருடம் நடக்க வருகிறவள் அவள்; யாரோடும் பேசமாட்டாள், எதற்கும் சிரிக்கமாட்டாள். அவள் மெல்லிய குரலில், தனக்கு வலிக்கிற இடம் எது என்று காட்டத் தெரியவில்லை என்றாள். தெய்வாத்தாள் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மற்றவர்களிடம் கையைத்தான் நீட்டினாள். பழனாத்தாளை மட்டும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இங்க குடு அம்மிணி" என்றாள்.

பழனாத்தாள் எழுந்து போய் இரண்டு பஜ்ஜி தின்றாள். யாரோ சொன்ன நகைச்சுவைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் புருஷன் கையில் தட்டோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பையனைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அந்த மண்டபத்தில் அன்றைக்கு அழுதவர் தெய்வாத்தாள் ஒருத்திதான். களைப்பு போல இருக்கிறது, தொந்தரவு பண்ணாதீர்கள் என்று சொல்லி லைட்டை அணைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சிக்கல் வந்தது. சங்கத்தார் எல்லோரும் கன்றுக்குட்டிகளாகத் துள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். தெய்வாத்தாளுக்கு மண்டபத்துப் படி இறங்கவே ஒரு யுகம் ஆனது. எல்லோரும் சேர்ந்துதான் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். அதனால் துள்ளினவர்கள் ஒவ்வொரு புளியமரத்தடியிலும் அவளுக்காக நிற்க வேண்டி வந்தது. வெயில் ஏறுகிறதே, சமையல்காரர் சாப்பாட்டைத் திறந்துவைத்துக் காத்திருப்பாரே என்று முணுமுணுப்பு எழுந்தது. "இப்புடி ஆமையாட்ட நடந்தா என்னைக்குங்க போய்ச் சேர்றது" என்று சத்தமாகக் கேட்டவர் நாச்சிமுத்து. நடக்க முடியாதவர்களை எதற்கு அழைத்துவந்தார்கள் என்று அவர் மனைவி கேட்டாள். அவள் தன் நடை அழகைத் தானே ரசித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

வேனில் ஏற்றிவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. அவள் ஏறினால் சம்பந்தம் போய்விடும் என்பதை நினைத்து யாரும் அதைத் தடுக்கவில்லை. தடுத்தது வேறு ஒரு கேள்வி: அவள் நடந்தவராக ஆகாவிட்டால், அவள் வாங்கினதும் வாங்கினதாக ஆகாதே, அப்போது கொடுத்ததெல்லாம் கொடுத்தவர்களிடமே திரும்பி வந்துவிடுமா? கேட்டவர் யாரோ, அந்த நிமிஷமே வேன் பேச்சு நின்றுபோனது. நாச்சிமுத்து தன் முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அவளுக்குக் குடை பிடித்தார்கள், குளுக்கோஸ் கரைத்துப் புகட்டினார்கள், இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து, உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவள் கால் மடங்கும்போதெல்லாம் கூட்டமே பதறி, "உக்காந்தராதீங்க, சம்மந்தியம்மா" என்று கெஞ்சியது. மகளுக்காக நடக்கிறாள், பாருங்கள், தாய் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கண் கலங்கினார்கள். கண்ணீர் உண்மையானதுதான், அதில் நான் சந்தேகப்படமாட்டேன்.

இத்தனைக்கும் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வலிக்கிறது என்று அவள் சொன்னால், பக்கத்தில் வருகிறவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், அதுதான் வழக்கம். அவள் வாய் திறப்பாளோ என்று பயந்துதான் அக்குளில் கை கொடுத்தவர்கள் அடிக்கடி ஆள் மாறிக்கொண்டார்கள். அவள் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுக்கப்போகிற இடத்தில் தன் வலியைச் சொல்லி ஒருவரைச் சங்கடப்படுத்துவது அவளுக்கு முறையாகப் படவில்லை. அதைவிட, எப்படி இருக்கிறது என்று ஒருவரும் அவளைக் கேட்கவுமில்லை.

அணைப் பூங்காவின் வளைவில் வாழைமரம் கட்டி, மேளம் வைத்திருந்தார்கள். தெய்வாத்தாள் நின்றபடியே, நடந்தபடியே அதற்குள் போனாள். கூட்டம் கை தட்டியது. சொந்தக்காரர்கள் கார்களில் வந்து வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்து, தட்டில் வெற்றிலை பாக்கும் தேங்காய் பழமும் அடுக்கிவைத்துக் காத்திருந்தார்கள். கௌதம் புது வேட்டியில் நின்றான். அவன் வீட்டுக் காரில்தான் தாரணியும் வந்திருந்தாள், மாம்பழக் கலர்ப் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாக. காரிலிருந்து இறங்கினவள் அம்மாவைப் பார்த்துவிட்டு, யார் யாரோ வணக்கம் சொன்னதை எல்லாம் காதில் வாங்காமல் ஓடிவந்தாள்.

தெய்வாத்தாளை ஒரு நாற்காலியில் சாய்த்தார்கள். நடை முடிந்துவிட்டது, இனி உட்காரலாம். முட்டி மடங்காமல் இரண்டு காலும் குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தன. தாரணி பட்டுச்சேலையோடு மண்ணில் உட்கார்ந்து, அம்மாவின் காலை மடியில் எடுத்துவைத்து நாடாவை அவிழ்த்தாள். ஷூ வரவில்லை. கால் வீங்கி அதற்குள் அடைத்துக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல அசைத்து உருவி, உள்ளே இருந்த பாதத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டாள்.

இரண்டு நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். பெற்ற மகள் கேட்கிறாள். தெய்வாத்தாளுக்கு வழக்கம், சம்பந்தம், சங்கம் எதுவும் அந்த நொடியில் நினைவில் இல்லை. குழந்தை மாதிரி அவளுக்கு அழுகை வந்தது.

"வலிக்குது கண்ணு" என்றாள்.

மில்லில் வளர்ந்த பெண்ணுக்கு வேறென்ன பதில் வரும். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "இங்க குடும்மா" என்றாள் தாரணி.

எந்த இடத்தில் வலிக்கிறது என்று தெய்வாத்தாள் பெயர் சொல்லவில்லை. அதனால் மிச்சமில்லாமல் எல்லாமே போனது. முட்டியும் கொப்புளமும் பல்லும் நெஞ்செரிச்சலும், பழனாத்தாளின் கிணற்றுத் தண்ணீரும் போனது. தெய்வாத்தாளின் கால் தானாக மடங்கியது. புருஷன் இருந்த காலத்துக்குப் பிறகு அவள் உடம்பு அவ்வளவு லேசாக இருந்ததே இல்லை. மில்லில் நின்று நின்று அவளுக்கே சொந்தமாக வந்திருந்த இடுப்பு நாரி வலிகூட இல்லை. அவள் எழுந்து நின்ற பிறகுதான், மகள் எழுந்திருக்கவில்லை என்பதைப் பார்த்தாள். தாரணி மண்ணில் இரண்டு கையையும் ஊன்றி, பெயர் தெரியாத ஒரு பையனுக்காக அழுதுகொண்டிருந்தாள்.

கூட்டம் இதைப் பார்த்தது. கூட்டத்தில் முதலில் புரிந்துகொண்டவள் வசந்தாமணி. இந்தச் சம்பந்தத்தை எப்படித் தட்டிக்கழிக்கலாம் என்று மாதக்கணக்காக யோசித்தவள், இப்போது பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள், சின்ன வயசு, திடமான உடம்பு, இன்னும் எத்தனையோ வருஷம் நடக்கும். தன் புருஷனைப் பார்த்துத் தலையசைத்தாள். சென்னியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, தட்டை மாற்றிவிடலாம் என்றார். கல்யாணத்தைச் சித்திரையிலேயே வைத்துக்கொள்ளலாம், அடுத்த மாசிக்குப் பெண் நம் வீட்டில் இருக்க வேண்டும் என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவ்வளவு ஒற்றுமையாக எங்கள் ஊரில் எந்தச் சம்பந்தமும் முடிந்ததில்லை.

"எனக்கு இந்தச் சம்மந்தம் வேண்டாமுங்க" என்றாள் தெய்வாத்தாள்.

அவள் சொன்னதைக் கேட்டுக்கொள்ள ஆள் இல்லை. களைப்பில் பேசுகிறாள் என்றார்கள். பெண்ணைக் கேட்போம் என்று கௌதமை முன்னால் தள்ளினார்கள். அவன் குனிந்து, அவளைப் பிடித்திருக்கிறதைத் தவிர வேறு சூது தெரியாத முகத்தோடு, சரிதானே தாரணி என்று கேட்டான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். மாட்டேன் என்றால் அம்மா இரண்டு நாள் நடந்தது எதற்கு?

தெய்வாத்தாள் மகளுக்கு முன்னால் மண்ணில் மண்டியிட்டாள். வழக்கம் இப்போது அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. வலிக்கிறது என்று மகள் வாயால் சொன்னால் போதும், எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு, அவளை இழுத்துக்கொண்டு, ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

"வலிக்குதா சாமி? சொல்லு. ஒரே ஒரு தடவ சொல்லு."

தாரணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது, உதடு வெளுத்திருந்தது.

"வலிக்கலம்மா" என்றாள்.

தெய்வாத்தாள் மகளின் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள். சின்ன வயதில்கூட அந்தப் பெண்ணை அவள் அடித்ததில்லை. தோல் நகத்தோடு வருகிற மாதிரி கிள்ளினாள், சொல்லுடி, வலிக்குதுன்னு சொல்லுடி என்று கேட்டுக்கேட்டு அறைந்தாள், எழுந்து நின்று, வலியே இல்லாத தன் காலால் மகளின் பாதத்தை மிதித்தாள். ஜனங்கள் ஓடிவந்து அவளைப் பிடித்து இழுத்தார்கள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இந்தப் பொம்பளைக்கு என்ன பைத்தியமா பிடித்துவிட்டது என்றார்கள். பழனாத்தாள்தான் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தாள், நல்ல பலமாக.

இழுத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் தெய்வாத்தாள் இரண்டு கையையும் மகள் பக்கமாக நீட்டியபடியே, "இங்க குடு கண்ணு, இங்க குடு" என்று கத்தினாள். கையில் ஒன்றும் வரவில்லை. தாரணி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்கும்படி, வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண் நல்ல பொறுமைசாலி என்று சொல்லிக்கொண்டே வசந்தாமணி அவள் பக்கத்தில் ஜமக்காளத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.